வாசலில் பொறுத்திருக்கும் எறும்பு

 

இத்திங்கள் எறும்பைப் பற்றி எழுதுகிறேன் என்றவுடன், "சுறுசுறுப்புக்கு எறும்பு, சேமிப்புக்கு எறும்பு என்னும் பழைய பாடம்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. எறும்புகள் சாரை சாரையாகச் செல்வதைக் கட்டம் போட்டு, எண்ணிப் பார்த்து, கணக்காக்கி ஆராய்ந்த அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நம் நாட்டவரும் உண்டு. அவர்கள் கண்ட முடிவு, பனியன் கம்பெனிகள் விடும் நேரத்தில் திருப்பூர்ச் சாலைகளில் சிக்கித் தவிக்கும் ஒவ்வொருவருக்கும், பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எதிர்பார்த்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டிய செய்தியாகும்.

கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு விளங்கிய அளவில்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பெருக்கலும் இரண்டு நாணயங்களும் இருந்தால் போதும்.

மணம் காட்டும் வழி

எறும்பின் கண்பார்வை பெரும்பாலும் மிக மங்கலானது. அப்படியிருக்க, அடுக்களையின் ஒரு மூலையில் சிந்திய சர்க்கரைக்கு ஆயிரம் எறும்புகள் எப்படி ஒரே கோட்டில் வந்து சேருகின்றன? முதலில் உணவைக் கண்ட எறும்பு, வளைக்குத் திரும்பும்போது தன் உடலில் சுரக்கும் ஒருவகை மணப்பொருளைத் தரையில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே வருகிறது. பின்னால் வரும் எறும்புகள் தம் உணர்கொம்புகளால் அதை மோந்து அதே வழியில் செல்கின்றன. தாமும் உணவைக் கண்டு திரும்பும்போது மேலும் கொஞ்சம் மணம் சேர்க்கின்றன. உணவு தீர்ந்துவிட்டால் வெறுங்கையோடு திரும்பும் எறும்பு மணம் வைப்பதில்லை. பழைய மணம் காற்றில் கரைந்துபோகிறது, தடமும் மறைகிறது. இந்த மணப்பொருளை அறிவியலார் பெரோமோன் என்பர்.

எறும்பின் மோப்பத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றித் தாம் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் எறும்புக்கும் இடம் கொடுத்தார். மனிதன் மோந்தறிய முடியாத காய்ந்த வெட்டுக்கிளியின் காலைக்கூட எறும்பு எங்கிருந்தோ அறிந்து வந்து சேர்வதை அவர் வியந்து குறித்திருக்கிறார். வியப்பு அறிவின் முதற்படி. ஆனால் படியிலேயே நின்றுவிட்டால் மாடிக்குப் போவது எப்போது? அடுத்த படி அளந்து பார்ப்பது.

1989ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த கோஸ், ஆரோன், டெனுபூர், பாஸ்டீல்ஸ் ஆகிய நால்வர் அளந்து பார்த்த செய்தியை வெளியிட்டனர். வளைக்கும் உணவுக்கும் இடையில் நீளமான பாதை ஒன்று, குட்டையான பாதை ஒன்று என இரு கிளைகள் கொண்ட பாலத்தை வைத்தார்கள். அர்ஜென்டினா எறும்பு எனப்படும் இனம் தொடக்கத்தில் இரு கிளைகளிலும் கலந்து சென்றது. சிறிது நேரத்தில் பெரும்பான்மை எறும்புகள் குட்டைப் பாதைக்கே வந்துவிட்டன. எந்த எறும்பும் பாதையை அளக்கவில்லை. எந்தத் தலைவனும் ஆணையிடவில்லை. குட்டைப் பாதையில் போன எறும்பு முன்னதாகத் திரும்புகிறது. ஆகவே அங்கே மணம் முன்னதாக ஏறுகிறது. ஆகவே அடுத்த எறும்பும் அதையே தேர்கிறது. காரணம் இவ்வளவுதான்.

இதைப் படித்த இத்தாலியர் மார்கோ டோரிகோ, 1992ஆம் ஆண்டு மிலான் நகரில் முடித்த தமது முனைவர் பட்ட ஆய்வில், இந்த எறும்பு வழியைக் கணினிக்குக் கற்றுக் கொடுத்தார். அதன் பயன் நம் ஊர்க்காரருக்கு எளிதில் விளங்கும். ஒரு வேன் காலையில் புறப்பட்டு, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன், அயர்னிங் என்று பத்து ஜாப் ஒர்க் இடங்களுக்குச் சென்று சரக்கை இறக்கி ஏற்றி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்துக்கு முதலில், எதற்கு அடுத்து என்று அந்தப் பத்து இடங்களையும் வரிசைப்படுத்த எத்தனை வழிகள் உண்டு தெரியுமா? 36,28,800 வழிகள்! ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் சரக்கு போய்ச் சேராது. கணினிக்குள் கற்பனை எறும்புகளை ஓடவிட்டு, குறைந்த தூரம் சென்ற எறும்பின் வழியில் அதிக மணம் வைத்து, நல்ல வரிசையை விரைவில் கண்டுகொள்ளும் முறையே டோரிகோவின் முறை. இத்தகைய படிப்படியான கணக்கு முறைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அல்காரிதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரே ஐரோப்பிய நாவில் திரிந்து அப்படி ஆயிற்று. நம் மேதையின் பெயரை உலகம் நாள்தோறும் உச்சரிக்கிறது என்று பெருமைப்படும் நாம், நம் பிள்ளைகள் கணக்கை விட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த வகையில் நியாயம் என்பதை மட்டும் இங்கே கேட்டு வைத்து, மேலே செல்கிறேன்.

அட்டையில் வெட்டிய எறும்பு

வழி கண்டாயிற்று. அந்த வழியில் கூட்டம் எப்படி நகர்கிறது என்பது அடுத்த கேள்வி. நம் கதையின் நடுப்பகுதி இதுதான்.

2002ஆம் ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி.யின் இயற்பியல் பேராசிரியர் தேபாஷிஷ் சௌதுரி, விஷ்வேஷ குட்டல், ஜப்பானியரான கட்சுஹிரோ நிஷினாரி, ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஷாட்ஷ்நைடர் ஆகியோர் சேர்ந்து எறும்புத் தடத்துக்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர்.

மாதிரி என்றால் என்ன? பனியன் தொழில் செய்யும் நமக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் அட்டையில் பேட்டர்ன் வெட்டுகிறார். அந்த அட்டை பனியன் ஆகாது. அதை யாரும் உடுத்த முடியாது. நிறம், நூல், பட்டன் எதுவும் அதில் இல்லை. தோள் அளவு, மார்பு அளவு, நீளம் ஆகிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை எல்லாம் விடப்பட்டிருக்கின்றன. ஆயினும் அந்த அட்டை இல்லாமல் ஒரு துணியைக்கூட ஒழுங்காக வெட்ட முடியாது. கணித மாதிரியும் அப்படிப்பட்டதே. எறும்பின் கால் ஆறு, நிறம் கறுப்பு என்பவற்றை எல்லாம் விட்டுவிட்டு, நகர்வதற்கு வேண்டிய இரண்டு மூன்று அளவுகளை மட்டும் வைத்துக்கொள்வது.

அந்த அறிஞர்கள் வைத்துக்கொண்டவை இவை: தடம் என்பது வரிசையாக அடுக்கிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எறும்புக்கே இடம். முன் கட்டம் காலியாக இருந்தால் நகரலாம். இல்லையேல் நிற்க வேண்டும். முன் கட்டத்தில் மணம் இருந்தால் நகரும் வாய்ப்பு அதிகம்; மணம் இல்லையென்றால் குறைவு, ஏனெனில் எறும்பு தயங்கித் தேடும். எறும்பு விட்டுச் சென்ற மணம் சிறிது சிறிதாக மறையும். இவ்வளவே. முன் கட்டம் காலியாக இருந்தால் மட்டும் நகர்வது என்னும் பகுதி அவர்களுக்கு முன்னரே, 1968ஆம் ஆண்டில், உயிரணுவுக்குள் புரதம் உருவாவதை விளக்குவதற்காக எழுதப்பட்டது. மணத்தைச் சேர்த்தது இவர்களின் புதுமை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூடத்திலேயே விளையாடிப் பார்க்கலாம். ஒரு தாளில் 20 கட்டங்களை வட்டமாக வரையுங்கள். 4 புளியங்கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், அவை எறும்புகள். ஒரு கொட்டை நகரும்போது அது விட்டுச் சென்ற கட்டத்தில் ஓர் அரிசி வையுங்கள், அது மணம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். முன் கட்டத்தில் அரிசி இருந்தால், இரண்டும் பூவாக விழுந்தால் ஒழிய, கொட்டை நகரட்டும். அரிசி இல்லையென்றால், இரண்டும் தலையாக விழுந்தால் மட்டுமே நகரட்டும். முதலாவது நான்குக்கு மூன்று வாய்ப்பு. இரண்டாவது நான்குக்கு ஒன்று. முன் கட்டத்தில் வேறு கொட்டை இருந்தால் நகரக் கூடாது. சுற்று முடிந்ததும் ஒவ்வோர் அரிசிக்கும் ஒரு பகடையை உருட்டி, ஒன்று விழுந்தால் அந்த அரிசியை எடுத்துவிடுங்கள். மணம் காற்றில் போயிற்று.

சில சுற்றுகளில் ஒரு விந்தை தெரியும். தள்ளித் தள்ளி வைத்த கொட்டைகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிவிடும். முன்னால் போகும் கொட்டைக்கு அரிசி இல்லை; அது தயங்குகிறது. பின்னால் வருபவைக்கு அது விட்ட அரிசி உண்டு. அவை விரைந்து வந்து சேர்ந்துகொள்கின்றன. யாரும் கூட்டவில்லை, கூட்டம் கூடிவிட்டது.

இனி 10 கொட்டைகள் வைத்துப் பாருங்கள். கூட்டம் பெருகியதால் வேகம் குறைய வேண்டும் அல்லவா? குறையாது, கூடும்! ஏனென்றால், ஒரு கொட்டை வைத்த அரிசி மறைவதற்குள் அடுத்த கொட்டை வந்துவிடுகிறது. எல்லார்க்கும் மணம் கிடைக்கிறது. 16 கொட்டைகள் வைத்தாலோ நகர இடமின்றி வேகம் சரிந்துவிடும். குறைந்த கூட்டத்தில் மந்தம், நடுத்தரக் கூட்டத்தில் வேகம், மிகுந்த கூட்டத்தில் மீண்டும் மந்தம். கான்பூர், கொலோன் அறிஞர்களின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்ன முடிவும் இதுவே. இரண்டு நாணயமும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கொண்டு அதன் சாரத்தைக் கண்டுகொண்டீர்கள்.

சலவைக்குப் பின் தெரியும் சுருக்கம்

பேட்டர்ன் அழகாக வந்துவிட்டது என்று கட்டிங் மாஸ்டர் உடனே ஆயிரம் உருப்படி வெட்டிவிடுவதில்லை. ஒரு சாம்பிள் தைத்து, சலவைக்குப் போட்டு, எவ்வளவு சுருங்கியது என்று அளவு நாடாவை வைத்துப் பார்க்கிறார். பேட்டர்னைக் காட்டிலும் துணி சொல்வதே அவருக்கு முடிவு.

சௌதுரி குழுவினரும் அவ்வாறே செய்தனர். நம் நாட்டில் காணப்படும் லெப்டோஜெனிஸ் ப்ரொசெஷனாலிஸ் என்னும் எறும்பினம் கரையானை வேட்டையாடுவது. நீண்ட ஊர்வலமாகச் செல்வது அதன் இயல்பு என்பதால்தான் அந்தப் பெயர். அதன் இயற்கையான தடத்தை வீடியோவில் பதிவு செய்து, ஒவ்வோர் எறும்பும் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று கணக்கெடுத்தனர். அலெக்சாண்டர் ஜான் முதலாசிரியராக இருந்த அந்த ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளியாயிற்று.

அதன் முடிவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பெருக்கல் தேவை: ஓட்டம் என்பது நெருக்கத்தை வேகத்தால் பெருக்கி வருவது. ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் எறும்பு என்று நெருங்கி, நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு கோட்டை நொடிக்கு 3 எறும்புகள் கடக்கும். சாலையில் வாகனங்களின் நெருக்கம் ஓரளவு கூடும்வரை ஓட்டம் கூடும். அதற்கு மேல் நெருங்கினால் வேகம் மிகுதியாகச் சரிந்து, பெருக்கி வரும் தொகையே குறைந்துவிடும். நெரிசல் என்பது இதுதான்: சாலை நிறைய வண்டிகள், ஆனால் கடந்து செல்பவை சில.

எறும்புத் தடத்தில் அறிஞர்கள் கண்டது வேறு. நெருக்கம் கூடியபோதும் எறும்புகளின் சராசரி வேகம் ஏறத்தாழ மாறவே இல்லை. மாதிரி முன்னுரைத்தபடி எறும்புகள் கூட்டம் கூட்டமாகச் சென்றன என்பது மெய்ப்பட்டது. ஆனால் மாதிரி சொன்ன சரிவு, அந்த நெரிசல் நிலை, மெய்யான தடத்தில் தென்படவில்லை. ஒரு கூட்டத்துக்குள் இருந்த எறும்புகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகர்ந்தன. ஒன்றை ஒன்று முந்திச் செல்லவும் இல்லை. இதனை அவ்வறிஞர்கள் மறைக்கவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே நெரிசல் நிலை இல்லை என்பதை எழுதினார்கள். கணக்கு ஒன்று சொல்ல, எறும்பு வேறொன்று சொன்னால், எறும்பின் சொல்லையே ஏற்பது உண்மையான கல்வியின் அடக்கம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கோடு சேர்த்துக் கற்றுத்தர வேண்டியது இந்த அடக்கத்தையும்தான்.

நுழைவாயிலில் நிற்கும் கூட்டம்

அப்படியானால் எறும்புக்கு நெரிசலே கிடையாதா? இன்னும் நெருக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரைச் சேர்ந்த ஆத்ரே துசூத்தூர், லோர் ஆன் புவாசொனியே முதலியோர் எடுத்துக்கொண்டனர். 2019ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வில், 400 எறும்புகள் கொண்ட சிறு கூட்டம் முதல் 25,600 எறும்புகள் கொண்ட பெருங்கூட்டம் வரை, 5, 10, 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலங்களில் விடப்பட்டன. சோதனை 170 முறை நடந்தது.

மனிதர் நடக்கும் பாதையில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் நிறைந்தாலே ஓட்டம் தளரத் தொடங்கிவிடுகிறது. எறும்புகளோ, பாலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிறைந்த பின்னும் ஓட்டம் குறையாமல் சென்றன. இது எப்படி இயன்றது? தம்மைச் சுற்றியுள்ள நெருக்கத்துக்கு ஏற்ப எறும்புகள் தம் வேகத்தை மாற்றிக்கொண்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலம் மிகவும் நெருங்கிவிட்டபோது, புதிதாக வந்த எறும்புகள் அதில் நுழையவில்லை. உள்ளே இடம் உண்டாகும்வரை வாசலிலேயே பொறுத்திருந்தன.

இந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான். நெரிசல் நடுவழியில் பிறப்பதில்லை, வாசலில் பிறக்கிறது. நடுவழியில் நிற்பவன் எவ்வளவு பொறுமைசாலியாயினும் பயனில்லை. வாசலில் பொறுப்பவன் இருந்தால் நடுவழியில் இருப்பவன் பிழைப்பான்.

நம்முடைய வாசல்கள்

எறும்பைப் போல் இருங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்ய நான் முன்வரவில்லை. எறும்புக்குத் தனி வீடில்லை, தனிச் சம்பளமில்லை, பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் குழந்தையுமில்லை. ஒரு தடத்தில் செல்லும் எறும்புகள் அனைத்தும் ஒரே குடும்பம். முதலில் போனாலும் பின்னால் போனாலும் உணவு ஒரே வளைக்குத்தான் போகும். முந்துவதால் அதற்கு இலாபம் இல்லை. நமக்கோ ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம் உண்டு. அது பொய்யான அவசரமும் அன்று. ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆகவே தனிமனிதனின் பொறுமையை மட்டும் நம்பிக் காரியம் ஆகாது. எறும்புக்கு இயல்பாக வாய்த்ததை நாம் ஏற்பாட்டால்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த ஏற்பாடு உயிர் காக்கும் என்பதற்கு நம் உள்ளத்துக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், மினாவில் ஜம்ராத் பாலத்தின் நுழைவாயிலில் ஏற்பட்ட நெரிசலில் 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிர் நீத்தனர். அந்நாளின் வீடியோப் பதிவுகளை டிர்க் ஹெல்பிங் என்னும் அறிஞரும் அவருடன் இருந்தோரும் நுணுகி ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டனர். முதலில் சீரான ஓட்டம். பிறகு நின்று நின்று நகரும் அலைகள். அதற்கும் பிறகு, கொந்தளிக்கும் கடல்போல் மக்கள் எல்லாத் திசைகளிலும் தள்ளப்பட்டனர். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் என்று ஆகிவிட்டால் உடலோடு உடல் ஒட்டிவிடுகிறது. அங்கே தள்ளியவர் யார், தள்ளப்பட்டவர் யார் என்று பிரிக்க முடியாது. அறிவோ பக்தியோ பொறுமையோ அந்நிலையில் காலை ஊன்றி நிற்க உதவாது. விழுந்தவர்மீது குற்றம் சொல்வது பெரும் அநியாயம்.

அதன்பின் பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல அடுக்குகள் கொண்ட புதிய பாலம் எழுந்தது. போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு ஆயிற்று. குழுக்களுக்குக் கல்லெறியும் நேரம் வகுக்கப்பட்டது. இன்ன நேரத்தில்தான் கூடாரத்தைவிட்டுப் புறப்பட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லும்போது, "இப்போதே போனால் என்ன?" என்று சில பெரியவர்கள் சினந்துகொள்வதுண்டு. அந்த நேர அட்டவணைக்குப் பின்னால் இத்தகைய கணக்குகளும், நூற்றுக்கணக்கான உயிர்களின் விலையும் இருக்கின்றன என்பதை ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏற்பாடு ஓரிடத்தில் சரியானால் போதாது என்பதற்கும் மினாவே சான்று. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், பாலத்தில் அன்று, அதற்குப் போகும் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் மீண்டும் நெரிசல் ஏற்பட்டது. சவூதி அரசின் கணக்குப்படியே 769 பேர் மாண்டனர். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் இன்னொரு வாசல் உண்டு; அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மினா தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்து மாவட்டமான கரூரில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஓர் அரசியல் கூட்டத்தில் நேர்ந்த நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அந்தத் துயரத்தைப் படித்துவிட்டு நாளிதழை மடித்து வைத்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

நம் கைக்கு எட்டிய வாசல்கள் எத்தனையோ உள்ளன. ஜும்ஆ முடிந்ததும் ஆயிரம் பேர் ஒரே கதவை நோக்கி நகர்கிறார்கள். படியின்மேலேயே செருப்புகள், அதைக் குனிந்து தேடுபவர் ஒருவர், நெடுநாள் காணாத நண்பரைக் கண்டு அங்கேயே முஸாபஹா செய்து நலம் விசாரிப்பவர் இன்னொருவர். பின்னால் முதியோரும் சிறுவரும் தேங்கி நிற்கிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கலாம். செருப்பு வைக்கும் இடத்தைப் படியிலிருந்து பத்தடி தள்ளி அமைக்கலாம். அவசரமில்லாத இளைஞர்கள் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு எழலாம். வலீமா விருந்தில் 'பந்திக்கு முந்து' என்பதை வேதவாக்காகக் கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் முட்டி மோதுகிறோம். முந்தைய பந்தி எழுந்து வெளியேறுவதற்கு வேறு கதவு ஒதுக்கினாலே பாதி நெருக்கடி தீரும்.

நம் தொழில் ஊருக்கு வருவோம். கம்பெனிகள் விடும் நேரத்தில் அவிநாசி சாலையும் பல்லடம் சாலையும் காங்கயம் சாலையும் என்ன பாடுபடுகின்றன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனி நடத்தும் சகோதரர்கள் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுகளை ஐந்தைந்து நிமிட இடைவெளியில் விட்டால், அவர்களுக்கு இழப்பில்லை, வாசலில் நெருக்கமுமில்லை. நாற்சந்தியில் முன் வண்டி நகர இடமில்லை என்று கண்ணால் கண்ட பின்னும், பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நடுச் சந்திக்குள் நம் வண்டியை நுழைத்து நிறுத்துகிறோம். அடுத்த விளக்கு மாறும்போது குறுக்கே செல்ல வேண்டியவர்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆம்புலன்ஸ் இருந்தால்? வாசலில் பொறுக்காத ஒரு வண்டி நான்கு சாலைகளையும் பூட்டிவிடுகிறது. பிறருடைய நேரமும் பிறருடைய உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம். தானதர்மத்தில் கவனமாக இருக்கும் நாம், சாலையில் பிறர் உரிமையைப் பறிப்பதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

திருக்குர்ஆனின் இருபத்தேழாவது அத்தியாயம் எறும்பின் பெயரால், 'அந்நம்லு' என்று வழங்குவதை நாம் அறிவோம். ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, தன் இனத்தாரை அவரவர் இருப்பிடத்துக்குள் சென்றுவிடும்படி எச்சரித்த வரலாறு அதில் வருகிறது. அந்த எச்சரிக்கையில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். படையினர் வேண்டுமென்றே மிதிப்பார்கள் என்று அந்த எறும்பு சொல்லவில்லை. அறியாமலேயே மிதித்துவிடக் கூடும் என்றே சொன்னது. பெருங்கூட்டம் எப்போதும் அறியாமல்தான் மிதிக்கிறது. கூட்டத்தில் இருக்கும் எவரும் கொடியவர் அல்லர். ஆயினும் உயிர் போய்விடுகிறது. அதனால்தான் அறிந்தவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, வாசலில் நின்று எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

இம்மாதம் விடுமுறை நாளொன்றில் புளியங்கொட்டை ஆட்டத்தைப் பிள்ளைகளோடு ஆடிப் பாருங்கள். 4 கொட்டை, 10 கொட்டை, 16 கொட்டை என்று மாற்றி மாற்றி வைத்து, எதில் எத்தனை நகர்வு என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். முடிவில் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வட்டத்தில் 10 கொட்டைகள் இருக்கும்வரை பதினோராவது கொட்டை வெளியே பொறுத்திருக்க வேண்டும். என்ன மாறுகிறது என்று அவர்கள் கண்டு சொல்வார்கள். நாளை அவர்களுள் ஒருவர் ஊருக்குச் சாலை வகுப்பவராகவோ, பள்ளிவாசல் நிர்வாகியாகவோ, கம்பெனி முதலாளியாகவோ வரக்கூடும்.